‘பார்த்துக்கலாம் சார்’: கொடைக்கானலில் ரூம் விடுபவர்கள் வாடிக்கையாளரிடம் செய்யும் தவறுகள்

மே மாதத்துச் சனிக்கிழமை, இரவு பத்தரை மணி. என் ஹோம்ஸ்டேயில் நான்கு பேருக்கு என்று ரூம் புக் செய்தவரின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஆட்கள் இறங்க இறங்க நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழு பேர். கடைசியாக இறங்கிய பாட்டியின் கையில், வாந்தி எடுத்த குழந்தையின் சட்டை. நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி: “நாலு பேருன்னுதானே சார் சொன்னீங்க?”

அடுத்த அரை மணி நேரம் என்ன நடந்திருக்கும் என்று ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப்படி நான் சொன்னது சரி. சொன்ன நேரம்தான் தப்பு. சீசன் சனிக்கிழமையில் வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிறவர்களுக்கு வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வந்தால் வண்டி நகராது. பசி, குளிர், அழும் குழந்தை. அந்த எரிச்சல் முழுவதும் முதலில் எதிர்ப்படுகிற ஆள்மேல் இறங்கும். அந்த ஆள் நாம்தான். இப்போது நான் முதலில் பாத்ரூமைக் காட்டுகிறேன், பெட்டிகளை உள்ளே வைக்கிறேன், சுக்கு காபி கொடுக்கிறேன். கணக்கெல்லாம் அப்புறம். ‘உள்ளே விட்டுட்டா காசு தராம போயிடுவாங்களே’ என்று பக்கத்து ரூம்காரர்கள் கேட்பார்கள். இத்தனை வருடத்தில் இரண்டு முறை அப்படி ஏமாந்திருக்கிறேன். வாசலில் போட்ட சண்டைகளில் இழந்தது அதைவிட அதிகம்.

அன்று இன்னொரு தவறும் செய்தேன். புக் செய்தவருக்குப் பின்னால் அவருடைய மாமனார் நின்றுகொண்டிருந்தார். மாமனார் காதில் விழும்படி ‘எக்ஸ்ட்ரா ஆளுக்கு ஐந்நூறு’ என்று கேட்டால் எந்த மருமகன் இறங்கி வருவான்? கத்தத்தான் செய்வான். மறுநாள் காலை அவர் தனியாக நின்று வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்ப் பேசினேன். பேரம்கூடப் பேசவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். துணியை உதறிக்கொண்டே, “நீங்கதாங்க போன்ல பார்த்துக்கலாம்னு சொன்னீங்க” என்றார்.

உண்மைதான். ஏப்ரலில் அவர் “இன்னும் ரெண்டு மூணு பேர் வரலாம்” என்று சொன்னபோது, “பார்த்துக்கலாம் சார்” என்றேன். அவர் அதைக் ‘காசு கிடையாது’ என்று எடுத்துக்கொண்டார். நான் ‘காசு உண்டு, வந்ததும் பேசலாம்’ என்ற நினைப்பில் சொன்னேன். எங்கள் தொழிலில் பாதித் தகராறு இந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது. புக்கிங்கை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வாயில் வந்துவிடுகிறது.

இப்போது போன் வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிடுகிறேன்: எத்தனை பேர், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், வண்டிக்கு இ-பாஸ் (மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) எடுத்தாயிற்றா. நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். பாஸ் இல்லாமல் சோதனைச்சாவடியில் நிற்கிறவர் அங்கிருந்து நமக்குத்தான் போன் போடுவார், ‘ஏன் முதலிலேயே சொல்லவில்லை’ என்று.

மூடுபனியும் அப்படித்தான். “ரூம்லேர்ந்தே பள்ளத்தாக்கு தெரியும்” என்று ஜனவரி வெயிலில் எடுத்த போட்டோவை அனுப்பிவிடுவோம். அவர் வரும் இரண்டு நாளும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போல இருக்கும். தூண் பாறையும் தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்பார். இப்போது அதே ஜன்னலிலிருந்து மூடுபனியில் எடுத்த படத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

பணம் என்று வந்துவிட்டால், ரசீது இல்லாமல் அட்வான்ஸ் வாங்குவதும் தேதி சொல்லாமல் ‘அனுப்பிடறேன்’ என்பதும் பெரிய தவறுகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. சேவையில் குறை என்றால் ரசீதில் போட்ட காலத்துக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்களுக்குள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்காரர் சென்னையில் போட்டால் நாம்தான் மலை இறங்கிப் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்திலிருந்து வரும் நோட்டீஸை மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். பதில் தர 30 நாள், ஆணையம் நீட்டித்தால் மேலும் 15 நாள், அவ்வளவுதான்.

சண்டை போட்டவரின் நம்பரை ‘இந்த ஆளுக்கு ரூம் கொடுக்காதீங்க’ என்று ரூம்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்குக் கொடுப்பதும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். விட்டுவிட்டேன்.

மோசமான ரிவ்யூவுக்கு ராத்திரி பதில் எழுதாதீர்கள். காலையில் நான்கு வரி போதும். அதைப் படிக்கப் போவது திட்டியவர் அல்ல, அடுத்த சீசனில் ரூம் தேடுகிறவர்.

கடைசியாக, பொறுமை தவறாகப் போகும் இடம் ஒன்றும் உண்டு. ஒருமுறை குடித்துவிட்டு வந்த நான்கு பையன்கள், எங்களிடம் ரூம் பெருக்கும் அக்காவைக் கேட்கக் கூடாத வார்த்தையில் பேசினார்கள். சீசன் நேரம், இரண்டு நாள் வாடகை என்று கணக்குப் போட்டு முதல் நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரவு மூடுபனியில் வண்டியைக் கீழே அனுப்ப முடியாது. விடிந்ததும் முழுப் பணத்தையும் ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டு ரூமைக் காலி செய்யச் சொன்னேன். போகும்போதே ஒரு ஸ்டார் போட்டார்கள். அதற்கு மட்டும் நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. அக்கா மூன்றாம் நாள்தான் வேலைக்கு வந்தார்.