லூசெர்ன் ஏரியில் நீராவிக் கப்பலா? முதலில் அட்டவணையைப் பாருங்கள்

சுவிட்சர்லாந்து போகிறவர்கள் லூசெர்ன் ஏரியில் கிடைத்த படகில் ஏறிவிடாதீர்கள், ஏனென்றால் அங்கே ஓடுவதில் பெரும்பாலானவை சாதாரண மோட்டார் கப்பல்கள்தான். பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் மொத்தம் ஐந்தே, அதில் மூத்தது 1901-இல் வந்த 'ஊரி'. எந்த நேரத்துப் பயணத்துக்கு நீராவிக் கப்பல் வருகிறது என்று அட்டவணையிலேயே குறித்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பயண நாளை முடிவு செய்யுங்கள். கோடைதான் நல்லது, குளிர்காலத்தில் இவை ஓடுவது குறைவு.

ஏறியதும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் கப்பலின் நடுவுக்குப் போங்கள். அங்கே எஞ்சின் திறந்தபடி கண்ணெதிரே இருக்கும், பளபளக்கும் எஃகுத் தண்டுகள் முன்னும் பின்னும் போய்வர, சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடிக்கும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள்!

அப்புறம் மலைக்காட்சி. கரையோர ஊரான புரூனன் தாண்டியதும் ஏரி குறுகி, இருபுறமும் பாறைகள் செங்குத்தாக எழும், ஆகவே பாதியில் இறங்காமல் ஏரியின் தென்கோடியில் இருக்கும் ஃப்ளூயலன் வரை போய்விட்டு, திரும்பும்போது ரயிலில் வாருங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான பயணச் சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் கப்பலுக்குத் தனி டிக்கெட் வேண்டாம்.