லூப் எந்த இடத்தில் இடறுகிறது?

மொரிஷியஸில் கல்யாண மேடையிலும் ஹோட்டல் கச்சேரியிலும் நம் பிள்ளைகள் லூப்பரோடு (வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவி) நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு பக்கம் ரவான் என்ற தோல் மேளம், இன்னொரு பக்கம் தவில், நடுவில் லேப்டாப், காலடியில் பெடல். மொரிஷியஸின் பாரம்பரிய இசையான செகாவின் தாளம் ஒன்றை நாலு சுற்று வாசித்து, அதை ஓடவிட்டு, மேலே சின்தசைசரை ஏற்றுகிறார்கள். யோசனை அருமையானது. ஆனால் மூன்றாவது, நாலாவது சுற்றில் என்னவோ இடறுகிறது. கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆடுகிற கால் மட்டும் நின்றுவிடும். கவனித்துப் பார்த்தால், அந்த இடறல் பெரும்பாலும் லூப்பின் முடிவும் தொடக்கமும் ஒட்டுகிற இடத்தில்தான் இருக்கும்.

பெடலை மிதிக்கும் நேரத்தில் ஆரம்பிக்கிறது தவறு. பாட்டு தொடங்கும்போது மிதிக்கிறார்கள். மிதிக்க வேண்டியது சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில். தாளம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் பெடலைப் பார்த்ததும் மறந்துவிடுகிறது. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் அரை எண்ணிக்கை தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) உள்ள வரியைப் பாடிக்கொண்டே மிதித்து, அடுத்த சமத்தில் மூடினால், லூப்பின் நீளம் எட்டு அல்ல, ஏழரை. அந்த ஆரம்ப மௌனமும் பதிவில் இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, பாட்டு சமத்துக்கு முன்னாலேயே எழும்பினால், முதல் சுற்றில் அந்த ஆரம்பச் சொற்கள் லூப்புக்கு வெளியே விழுந்துவிடும். அதற்கு வழி இருக்கிறது: சமத்தில் மிதித்துத் தொடங்குங்கள், சுற்றின் கடைசியில் அந்த எழும்பலை மறுபடி பாடி, அது முடிந்தபின் அடுத்த சமத்தில் மூடுங்கள்.

அடுத்தது மென்பொருளின் பழக்கம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளை நிறுவியதும் அது 4/4 கணக்கில் (ஒரு பாருக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, நாலு அடி) நிற்கும், கிளிப்புகளையும் (பதிவுத் துண்டுகளையும்) ஒவ்வொரு பாராகத்தான் தொடங்கும், நிறுத்தும். அதில் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவை வாசித்தால் ஏழு எட்டாகிவிடும், பின்னால் ஒரு பொய் இடைவெளி தொங்கும். தாளக் குறியை 7/8 ஆக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். செகாவில் சிக்கல் வேறு மாதிரி. அது ஆறில் ஓடுகிற தாளம். பதினாறாகப் பிரித்த கட்டத்தில் குவான்டைஸ் செய்தால் (அடிகளைக் கட்டத்தோடு இழுத்துப் பொருத்தினால்) அடிகள் இடம் மாறி, கேட்பது செகாவே இல்லை. அடியை மூன்றாகப் பிரிக்கும் மும்மைக் கட்டத்துக்கு மாற்றினாலும் முழுதாகச் சரியாகாது, ஏனென்றால் நல்ல ரவான் கை சில அடிகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில்தான் ஆட்டமே இருக்கிறது. என் பழக்கத்தைச் சொல்கிறேன்: லூப்பின் நீளத்தை மட்டும் கறாராக வையுங்கள், உள்ளே இருக்கும் அடிகளை வாசித்தபடியே விட்டுவிடுங்கள்.

நீளம் கறாராக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1965இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் ஒரே பேச்சுத் துணுக்கை இரண்டு டேப் கருவிகளில் லூப்பாக ஓடவிட்டபோது, இரண்டும் மெல்ல மெல்ல விலகின. அவர் அந்த விலகலையே இசையாக்கினார். கல்யாண வீட்டில் அது நடக்காது. லூப் 20 மில்லிசெகண்ட் நீளமாகப் பதிவானால், 25 சுற்றில் அரை செகண்ட் விலகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அது முழுசாக ஒரு அடி. லேப்டாப்பும் பெடலும் சேர்ந்து ஓடுவதாக இருந்தால் ஒன்றை மிடி கிளாக்கில் (கருவிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் சைகை) தலைமையாக வைத்து, மற்றதை அதன் பின்னால் ஓடவிடுங்கள். காதால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரியச் செகாவின் உயிர் ரவான். ஆட்டுத்தோல் என்பதால் வாசிக்குமுன் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள். சூடு ஆற ஆறத் தோல் தளரும், சுருதி இறங்கும். காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம். முதல் பாட்டில் எடுத்த ரவான் லூப்பை அரைமணி கழித்து ஓடவிட்டு, அதே ரவானை மேலே வாசித்துப் பாருங்கள். லூப்பில் இருப்பது விறைப்பான 'டண்', கையில் இருப்பது தொய்ந்த 'தும்'. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். சமன்படுத்த எந்த பட்டனும் இல்லை. அதனால் கச்சேரிக்கு முன்பே பதிவு செய்து வைப்பதாக இருந்தால் மரவானையும் (விதைகள் குலுங்கும் பெட்டி) டிரையாங்கிளையும் பதிவு செய்யுங்கள், அவை அவ்வளவு மாறாது. ரவானைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் அப்படித்தான்: சீவாளிக்கும் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) மூச்சுக்கும் ஏற்பச் சுருதி நகரும். முன்பே பதிவு செய்த சின்தசைசர் பேடையும் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) தம்பூராவையும் வாசிப்பவருக்கு ஏற்ப மாற்ற வேண்டும். நாதஸ்வரக்காரரை லேப்டாப்புக்கு வளைய வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

முன்பே பதிவு செய்த லூப்பை வெட்டும்போது கமகத்தின் (ஸ்வரத்தின் அசைவு) நடுவில் வெட்டாதீர்கள். ஸ்வரம் ஓய்ந்த இடத்தில் வெட்டி, சின்ன கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க இன்னொன்று எழும்படி கலப்பது) கொடுத்தால் 'டிக்' சத்தம் வராது. ரிவெர்பை (எதிரொலி) பதிவுக்குள் வைத்தால் அதன் வால் அறுந்து விழும், வெளியே வையுங்கள். எம்பி3 வேண்டாம். அதன் தலையிலும் வாலிலும் வெற்று இடம் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டை விழும். வேவ் கோப்பு போதும்.

லேட்டன்சியை, அதாவது வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதத்தை, பற்றி ஒன்று மட்டும். செகண்டுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் சாம்பிள்கள்) 512 என்றால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 11.6 மில்லிசெகண்ட். 128க்கு இறக்கினால் 3க்குள் வந்துவிடும். இறக்கியதும் சத்தம் கரகரத்தால் லேப்டாப்பில் ஓடும் மற்றவற்றை மூடுங்கள். ப்ளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

மேடையில் ஓவர்டப் (லூப்பின் மேல் அடுத்த லேயரைப் பதிவது) எடுக்கும்போது மானிட்டர் சத்தம் மைக்குக்குள் போனால், பழைய லூப்பும் புதிய லேயரோடு சேர்ந்து பதிவாகும். ஒவ்வொரு சுற்றிலும் இது குவிந்து சத்தம் சகதியாகிவிடும். மைக்கைக் கருவிக்கு அருகே வையுங்கள், மானிட்டரை மைக்கின் முதுகுப் பக்கம் வையுங்கள், முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். ஒலியளவும் அப்படியே ஏறும்: ஒரே சத்தம் அச்சாக இரண்டு முறை சேர்ந்தால் 6 டெசிபல். முதல் லேயரின் உச்சத்தை மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிறுத்தினால் பின்னால் வருபவற்றுக்கு இடம் இருக்கும். பெரும்பாலானவர்கள் முதல் லேயரையே உச்சத்தில் வைத்துவிட்டு, நாலாவதில் எல்லாம் உடைந்து ஒலிக்கும்போது சவுண்ட்காரரைத் திட்டுகிறார்கள்.

கடைசியாக, முடிப்பது. லூப்பை எப்படித் தொடங்குவது என்று நாள்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம், எப்படி நிறுத்துவது என்று பார்ப்பதில்லை. சும்மா ஸ்டாப்பை மிதித்தால் சுற்றின் நடுவில் அறுந்துபோகும். பல பெடல்களில் சுற்று முடிந்து நிற்கும்படியோ மெல்ல மங்கும்படியோ அமைக்கலாம், ஒத்திகையிலேயே அமைத்துவிடுங்கள். தவில் இருக்கும் மேடையில் இன்னொன்றும் செய்து பாருங்கள்: தீர்மானத்துக்கு (மூன்று தடவை வாசித்து முடிக்கும் கோர்வை) ஒரு சுற்று முன்னாலேயே எல்லா லூப்பையும் நிறுத்துங்கள், மூன்று தடவையும் தவில் மட்டும் தனியாக வாசித்துச் சமத்தில் வந்து சேரட்டும்.