ஒரு வேக வரம்பு மாறினால் எதையெல்லாம் தொட வேண்டும்? தானோட்டிக் கார்களுக்கான டிஜிட்டல் த்ரெட், முதல் பாடம்

தானோட்டிக் கார் திட்டத்தில் தேவைகள் (கார் என்ன செய்ய வேண்டும் என்ற வரையறைகள்) ஒரு மென்பொருளில் இருக்கும், சிஸ்டம் மாடல் (அமைப்பின் பாகங்களையும் செயல்களையும் காட்டும் வரைவு) இன்னொன்றில், கோட் அதன் பதிப்புகளைக் காக்கும் 'கிட்' மென்பொருளில், சோதனை முடிவுகள் யாரோ ஒருவருடைய எக்செல்லில். எது எதிலிருந்து வந்தது, எது எதைச் சோதிக்கிறது என்ற தொடர்பை இவற்றுக்கிடையே அறுபடாமல் காப்பதுதான் டிஜிட்டல் த்ரெட். டூல் விற்பவர்கள் காட்டும் பிரம்மாண்டப் படங்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரே ஒரு தேவையை எடுத்து, சோதனை வரை கொண்டுபோய்ப் பழகினால் போதும்.

பழகுவதற்கு ஐ.நா. விதி 157-ஐ எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் தடம் மாறாமல் காரைத் தானே ஓட்டும் அமைப்புக்கான விதி இது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது உச்ச வேகம் மணிக்கு 60 கி.மீ. 2023 ஜனவரியில் அமலான திருத்தம் அதை 130 ஆக்கியது. மெர்சிடிஸின் டிரைவ் பைலட் ஜெர்மனியில் 60-க்கு ஒப்புதல் பெற்றது 2021 டிசம்பரில், 95-க்குப் பெற்றது 2024 டிசம்பரில்.

படி 1: தேவைக்கு நிரந்தர எண் கொடுங்கள்

"தே-1: அமைப்பு மணிக்கு 60 கி.மீ. வரை இயங்க வேண்டும்." ஆவணத்தின் பத்தி எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். பத்தி நகர்ந்தால் எல்லாம் போச்சு.

படி 2: அதிலிருந்து கிளைத் தேவையைக் கணக்கிடுங்கள்

பலர் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. வேகத்தின் வர்க்கத்தை வேகக்குறைவின் இருமடங்கால் வகுத்தால் பிரேக் தூரம் கிடைக்கும். விதிப்படி நொடிவர்க்கத்துக்கு 5 மீட்டருக்கு மேல் வேகத்தைக் குறைத்தால் அது அவசர நடவடிக்கை. ஆகவே 5 என்றே வைப்போம். அமைப்பு சுதாரிக்க அரை நொடி என்பது நம் அனுமானம். 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர்: பிரேக்குக்கு 28, சுதாரிக்க 8, ஆக 36 மீட்டர். இந்த வேகத்துக்கு முன்பக்கம் குறைந்தது 46 மீட்டர் தெரிய வேண்டும் என்கிறது விதி. எனவே "தே-1.1: முன்னால் 46 மீட்டர் வரை கண்டறிய வேண்டும்."

அந்த அரை நொடியையும் அந்த 5-ஐயும் தனித்தனிப் பதிவாக வைத்து, தே-1.1-ஐ அவற்றோடு இணையுங்கள். ஈரச் சாலை பற்றி யாராவது கேட்கும்போது எதைத் திருத்துவது என்று தேட வேண்டியிருக்காது.

படி 3: சின்ன மாடல்

இலவசமாகக் கிடைக்கும் கேப்பெல்லா என்ற மாடல் வரையும் மென்பொருள் போதும். எழுத்து வடிவம் பிடிக்கும் என்றால் சிஸ்எம்எல் 2 என்ற மாடல் மொழி. அதை கிட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கண்டறிதல், தூரத்தை மதிப்பிடுதல், பிரேக் கட்டளை ஆகிய மூன்று செயல்கள். அவற்றை ரேடார், லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்), கேமரா, பிரேக் கன்ட்ரோலரோடு பொருத்துங்கள். முழுக் காரையும் வரைய ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டீர்கள்.

படி 4: இணைப்புகள்

தொடக்கத்துக்கு மூன்று வகை போதும்: "இதிலிருந்து வந்தது", "இதை நிறைவேற்றுகிறது", "இதைச் சரிபார்க்கிறது". அம்பு எப்போதும் கீழிருந்து மேலே, அதாவது சோதனையிலிருந்து தேவையை நோக்கிப் போகட்டும். தன்னை எத்தனை பேர் சோதிக்கிறார்கள் என்பது தேவைக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 5: பதிப்பையும் சேர்த்துக் கட்டுங்கள்

"சோதனை தேறியது" என்பது அரைத் தகவல்தான். எந்த பில்ட் (கோடிலிருந்து உருவாக்கிய மென்பொருள்), எந்த ஓப்பன்சினாரியோ கோப்பு (சோதனைக் காட்சியை விவரிப்பது), கார்லா என்ற ஓட்டுதல் சிமுலேட்டரின் எந்தப் பதிப்பு, எந்த சென்சார் காலிபரேஷன், எந்த மேப்? இவை இல்லாத பச்சை டிக் எதையும் நிரூபிக்காது.

படி 6: இப்போது 60-ஐ 130 ஆக்குங்கள்

நொடிக்கு 36.1 மீட்டர். பிரேக்குக்கு 130, சுதாரிக்க 18, ஆக 148 மீட்டர். வேகம் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியதற்கே தூரம் நான்கு மடங்கு! தே-1 மாறியதும் அதோடு இணைந்த எல்லாவற்றிலும் 'மறுபடி பார்க்க வேண்டும்' என்ற சந்தேகக் குறி விழ வேண்டும். முகூர்த்த நேரம் மாறினால் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் தகவல் போகிற மாதிரிதான். சென்சார் தேர்வு, பிரேக் கட்டளை, சோதனைக் காட்சிகள், வாகன மின்னணுப் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 26262 படி செய்த ஆபத்துப் பகுப்பாய்வு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் அதற்குப் பொறுப்பானவர் திறந்து பார்த்துக் குறியை நீக்க வேண்டும். மொத்தமாகத் தேர்வு செய்து ஒரே கிளிக்கில் நீக்கும் வசதி இருந்தால் முதலில் அதை முடக்கிவிடுங்கள்.

படி 7: த்ரெட்டுக்குத் தெரியாதது

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், சைக்கிள், வேறு ஏதோ என்று வகைப்பாடு மாறிக்கொண்டே இருந்தது. கடக்குமிடம் அல்லாத இடத்தில் நடந்து கடப்பவர்களை வடிவமைப்பு கணக்கில் எடுக்கவே இல்லை என்றது அமெரிக்க விசாரணை வாரியம். எழுதப்படாத தேவைக்கு அறுந்த இணைப்பு என்று ஒன்று கிடையாது. எந்த அறிக்கையிலும் அது சிவப்பாகத் தெரியாது. அதனால் "சாலை நிகழ்வு" என்று தனிப் பதிவு வகை ஒன்றை உருவாக்குங்கள். கார் தடுமாறிய ஒவ்வொரு சம்பவமும் அதில் வரட்டும். அதிலிருந்து ஒரு தேவையாவது பிறக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் பிறக்கவில்லை என்ற காரணம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எதுவும் பழுதாகாமலே அமைப்பின் போதாமையால் வரும் ஆபத்துகளைப் பற்றிய தரநிலையான ஐஎஸ்ஓ 21448-ஐப் படிக்கத் தொடங்க இது நல்ல இடம்.

அப்புறம், நான்கு கேள்விகளை ஸ்கிரிப்ட்டாக எழுதி, ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது கிட்டில் மாற்றத்தைப் பதியும் ஒவ்வொரு முறையும், ஓட விடுங்கள்: சோதனை இல்லாத தேவை எது, தேவை இல்லாத சோதனை எது, தேவையின் பழைய பதிப்பில் தேறிய சோதனை எது, பதில் இல்லாத சாலை நிகழ்வு எது. நான்கில் ஒன்றுக்கு விடை வந்தாலும் பில்ட் நிற்கட்டும்.