அமீரகத்தில் முதல் கார்: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பும் தம்பிகளுக்கு

லீவில் ஊருக்கு வந்து ரெண்டு நாள் ஆகியிருக்காது, டீக்கடையில் யாராவது ஒரு பையன் பக்கத்தில் வந்து உட்காருவான். "அண்ணே, விசா வந்துடுச்சு. போய்ச் சேர்ந்ததும் என்ன கார் எடுக்கலாம்? டொயோட்டாவா, நிசானா?"

இந்தத் தடவை நான் திருப்பிக் கேட்டேன். "உங்க வீட்ல என்ன டிராக்டர்?" சொன்னான். "ஏன் அந்தக் கம்பெனி?" கொஞ்சம் யோசித்தான். "அப்பா வாங்கினதுண்ணே. நீடாமங்கலத்துல மெக்கானிக் இருக்காரு, போன் போட்டா வண்டில வந்துடுவாரு."

அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதிலையும் சொல்லிவிட்டான். ஆனால் அவன் நம்பவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தை மாதம் சம்பா அறுவடை. கதிர் அறுக்கிற மெஷின் வயலுக்குள் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பேரிங் போய்விட்டது. வானம் வேறு மூடிக்கொண்டு வருகிறது. சாய்ந்த கதிர் நனைந்தால் முளைவிட்டுவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே ஒரு மல்லுக்கட்டு. அந்த நேரத்தில் மெஷின் எத்தனை குதிரைசக்தி என்று யாரும் கேட்பதில்லை. பேரிங் தஞ்சாவூரில் இருக்கிறதா, இல்லை வெளி மாநிலத்திலிருந்து வரவேண்டுமா, அவ்வளவுதான் கேள்வி. இவ்வளவு தெரிந்தவன் துபாயில் இறங்கியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, லோகோவைப் பார்த்துக் கார் வாங்குகிறான். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

ஐரோப்பிய வண்டி, பழசு. நம்ம ஊரில் அந்த லோகோவைக் கல்யாண ஊர்வலத்தில்தான் பார்த்திருப்போம். அங்கே ஷார்ஜாவில் ஒருவர் நாலு வருஷம் ஓட்டிய டொயோட்டா கரோலாவின் விலைக்குக் கிடைத்தது. போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன், அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. ஆகஸ்ட் மாதம் ஏசி கம்ப்ரஸர் நின்றது. வெளியே 45 டிகிரி. பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வந்தபோது சொன்ன விலையில் நல்ல டிராக்டர் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கலாம். அந்த மூன்று வாரமும் அலுவலகத்துக்கு டாக்சியில் போனேன். துபாய் டாக்சிகளில் நிறைய டொயோட்டா கேம்ரிதான். பின் சீட்டில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போனது தனிப் பாடம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஆட்கள் டொயோட்டாவில் கரோலா, யாரிஸ், நிசானில் சன்னி என்று சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்பதற்குக் காரணம், அந்த வண்டிகளில் பெரிய அதிசயம் இருப்பது அல்ல. எந்த எமிரேட்டில் நின்றாலும் அதைக் கைபோட்டுப் பிரிக்கத் தெரிந்தவன் இருப்பான். பிரேக் பேட் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். விற்கும்போது ரெண்டு நாளில் ஆள் வருவான். ஹுண்டாய், கியாவும் இப்போது அந்த வரிசைக்கு வந்துவிட்டன. ஹுண்டாய் என்றதும் நமக்கு இருங்காட்டுக்கோட்டை ஞாபகம் வரும். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் இஞ்சின் வேறாக இருக்கலாம், ஸ்டீயரிங் எப்படியும் இடப்பக்கம். ஊரிலிருந்து பெட்டியில் பார்ட்ஸ் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சீனக் கம்பெனிகள் குறைந்த விலைக்கு நிறைய வசதியும், நீண்ட வாரண்டியும் கொடுக்கின்றன. வாங்குவது தப்பில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை போய், முன் பம்பரும் ஹெட்லைட்டும் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது நம்ம பக்கம் அந்தக் கார் வைத்திருந்தவர்கள் முதலில் கேட்டது "பார்ட்ஸ் கிடைக்குமா?" என்றுதான். அதே கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஜிசிசி ஸ்பெக். வளைகுடா நாடுகளின் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்றபடி ரேடியேட்டர், ஏசி எல்லாம் பார்த்துச் செய்த வண்டி என்று அர்த்தம். இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்கன் ஸ்பெக். அமெரிக்காவில் அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, கப்பலில் கொண்டுவந்து, தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். எல்லா அமெரிக்கன் ஸ்பெக்கும் அப்படியல்ல, ஆனால் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. இவற்றுக்கு முழு இன்சூரன்ஸ் போடுவதற்குள் பாடாய்ப் படுவீர்கள். ஏஜென்சியில், அதாவது அந்தக் கார் கம்பெனியின் அதிகாரப்பூர்வ டீலரிடம், வாரண்டி கேட்டால் கையை விரிப்பார்கள். சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, எண் கொண்டது. அதை வைத்து விபத்து விவரம் பார்க்க அரசு இணையதளத்திலேயே வழி உண்டு. காசு கட்டினால் டெஸ்டிங் சென்டரில் வண்டியை முழுதாகச் சோதித்துத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். விற்கிறவர் "அதெல்லாம் எதுக்கு, நம்ம ஆள்தானே" என்றால், நீங்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடலாம்.

இன்னொன்று வெள்ளத்தில் நின்ற வண்டி. 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் கொட்டியது, 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து வந்த மழையிலேயே பெரிய மழை. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். ஐப்பசி கார்த்திகையில் நமக்கு அப்படிப்பட்ட மழை புதிதில்லை. அந்த ஊருக்குப் புதிது. சில சாலைகளில் காரின் மேற்கூரை வரை தண்ணீர் நின்றது, ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின. அவை எல்லாம் உடைப்புக்குப் போய்விட்டன என்று நினைக்கவேண்டாம்.

இந்த இடத்தில் டெல்டாக்காரன் மூக்கு உதவும். மழைக்குப் பிறகு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்த நாலாம் நாள் ஒரு வாடை வருமே, அதே வாடைதான். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்து வைத்திருந்தால் அப்போதே ஜாக்கிரதை. கதவை மூடிவிட்டு, ஏசி போடாமல், அஞ்சு நிமிஷம் உள்ளே உட்காருங்கள். அப்புறம் சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுங்கள். மேல்பகுதியைத் துடைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியை யாரும் துடைப்பதில்லை. அங்கே மண்கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் கைவிட்டுப் பாருங்கள், விரலில் வண்டல் ஒட்டும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பிகளின் திருகாணியில் துரு. ஒரு தடவை எங்கள் ரூம் பையனுக்காக ஒரு சன்னி பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. டேஷ்போர்டு டிராயரைக் கழற்றினால் மூலையில் காய்ந்த சேறு, ஆற்றுப்படுகையில் வெடிப்பது போலச் சின்னச் சின்ன ஓடாக வெடித்திருந்தது. விற்க வந்தவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

லைசென்ஸ், லோன், இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது, டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டித்தான் எடுக்கவேண்டும். முதல் தடவையே பாஸ் ஆகவில்லை என்றால் மனம் உடையாதீர்கள், பலருக்கும் அதுதான் நடக்கிறது. வங்கி லோன் வண்டி விலையில் 80 சதவீதம் வரை, 60 மாதம் வரை. மீதி 20 சதவீதம் கையில் இருக்கவேண்டும். அதைக் கிரெடிட் கார்டில் தேய்க்கிறேன் என்பவனிடம் எனக்குப் பேச்சில்லை. இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் வெள்ளத்தில் போன உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது. முழு இன்சூரன்ஸ் எடுக்கும்போது, விபத்தானால் ஏஜென்சியில் சரிசெய்வார்களா, வெளிக் கராஜிலா என்று பாலிசியில் எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். கீறல்தானே என்று கராஜுக்கு நேராகவும் ஓட்டிப் போகமுடியாது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் அடிபட்ட வண்டியை அங்கே தொடமாட்டார்கள்.

இனி சர்வீஸ். புதிதாக வருகிறவர்கள் பணத்தை அதிகமாக விடுகிற இடம் ஷோரூம் அல்ல, சர்வீஸ் கவுன்ட்டர்.

நம்ம ஊரில் மெக்கானிக்கிடம் பேசுகிறோம். அங்கே ஏஜென்சியில் மெக்கானிக்கைப் பார்க்கவே முடியாது. நடுவில் சர்வீஸ் அட்வைசர் என்று ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையில், டேப்லெட்டோடு நிற்பார். காபி கொடுப்பார். பத்தாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்குப் போயிருப்போம். அரைமணி கழித்துக் கையில் ஒரு பட்டியல்: இஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி கிளீனிங், வீல் அலைன்மென்ட். எல்லாம் சிவப்பு எழுத்தில். தலையாட்டினால் சர்வீஸ் பில் ரெட்டிப்பு.

அந்த நேரத்தில் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: "ஓனர்ஸ் மேனுவலில் இந்தக் கிலோமீட்டருக்கு எது போட்டிருக்கிறதோ அது மட்டும் செய்யுங்கள்." காரின் டேஷ்போர்டு டிராயரில் அந்தப் புத்தகம் பிரிக்காமலே கிடக்கும். அதில் அட்டவணை இருக்கிறது. கடும் வெயில், தூசி, குறைந்த தூர ஓட்டம் இருந்தால் ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லித் தனி அட்டவணையும் பல புத்தகங்களில் உண்டு. அமீரகத்துக்கு அதைத்தான் பார்க்கவேண்டும். ஆக, சிக்கனம் என்று ஆயிலைத் தள்ளிப்போடுவதும் தப்பு, ஃப்ளஷுக்குத் தலையாட்டுவதும் தப்பு. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். எண் சொல்லமுடியாதவர் அளந்து பார்க்கவில்லை. மாற்றிய பழைய பார்ட்ஸை டிக்கியில் போடச் சொல்லுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லவேண்டும், முடிந்தபின் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள். எஸ்டிமேட் எழுத்தில் வாங்கி, 5 சதவீத வாட் சேர்ந்ததா இல்லையா என்று பாருங்கள். லேபர் சார்ஜ் என்பது பையன் உண்மையில் வேலை செய்த நேரத்துக்கு என்று நினைக்காதீர்கள். இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனி முன்கூட்டியே வைத்திருக்கும், அந்தக் கணக்குத்தான்.

எனக்கு ஒரு தடவை ஒரு ஏஜென்சியில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். நான் அதை மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பில்லை எடுத்து நீட்டினேன். உள்ளே போய் வந்து, "டெர்மினல்ல அழுக்கு சார்" என்றார். பேட்டரி அந்த வெயிலில் ரெண்டு வருஷம் தாங்கினாலே பெரிது என்பது உண்மை. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

வாரண்டி இருக்கும்வரை ஏஜென்சிதான் நிம்மதி, அதன்பிறகு வெளிக் கராஜ். இது என் கணக்கு. வாரண்டிக் காலத்திலேயே வெளியில் சர்வீஸ் செய்ய நினைத்தால், வாரண்டிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள், எந்த கிரேடு ஆயில், எத்தனை கிலோமீட்டரில் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பெஷாவரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். பாலக்காட்டுக்காரரிடம் தமிழும் எடுபடும், ஆனால் மற்றவரிடம் "முன்பக்கம் கடகடங்குது, திருப்பும்போது கீச்சுங்குது" என்பதை இந்தியில் சொல்ல நமக்கு நாக்கு வராது. சத்தத்தைப் போனில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். அவர் ஒருமுறை காதில் வைத்துக் கேட்டாலே போதும்.

முல்கியா என்பது நம்ம ஆர்சி புக் மாதிரி, வருஷாவருஷம் புதுப்பிக்கவேண்டும். புதுக்காருக்கு முதல் 3 வருஷம் டெஸ்ட் கிடையாது, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் பாஸிங், அதாவது அந்த டெஸ்ட். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. டயருக்கு 5 வருஷம்தான் ஆயுள் என்பது அங்கே கணக்கு, பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் பாஸிங்கில் தள்ளிவிடுவார்கள். பழைய கார் வாங்கும்போதே இதைப் பார்த்தால் நாலு டயர் விலையைப் பேரம் பேசிக் குறைக்கலாம்.

எல்லாப் பில்லையும் ஒரு கிளிப் ஃபைலில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவானால் வண்டி விற்கவும், லோன், ஃபைன், சாலிக் (துபாய் சாலைச் சுங்கம்) பாக்கி தீர்க்கவும் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள். டிக்கெட் போட்ட பிறகு விற்க நிற்பவனின் முகத்தைப் பார்த்தே வாங்குகிறவன் விலையை இறக்கிவிடுவான். மழை மூட்டத்தில் நெல்லைக் களத்தில் வைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசுகிற மாதிரிதான் அதுவும்.