ஏழாயிரம் டாலர் ரீஃபண்டும் ஒரு டபிள்யூ-4 படிவமும்

மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்கத் தமிழர் வீட்டு விருந்துகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "உங்களுக்கு ரீஃபண்ட் எவ்வளவு?" ஆறாயிரம், ஏழாயிரம் என்று சொல்பவரை மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். நானும் அப்படிச் சொல்லிப் பெருமைப்பட்டவன்தான். அது என் சம்பளத்திலிருந்தே வரியாகக் கூடுதலாகப் பிடித்துத் திருப்பித் தரும் பணம் என்பது உறைக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஊரில் ஏலச்சீட்டுப் போட்டால்கூட மாதாமாதம் கழிவு கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்து, அதன்பின் 45 நாட்களுக்குள் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டால் ஒரு காசு வட்டி கிடையாது. அந்த மூன்று ஆண்டுகளும் நான் கிரெடிட் கார்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிப்பது என்பதை நிறுவனம் தானாக முடிவு செய்வதில்லை. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. வேலையில் சேர்ந்த முதல் நாள், பத்துப் படிவங்களுக்கு நடுவே அவசரமாக நிரப்பினீர்களே, அதுதான். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் 6.2 சதவீதமும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும் 1.45 சதவீதமும் மட்டும் இந்தப் படிவத்துக்குக் கட்டுப்படாதவை. இதைக் கொண்டு அவற்றைக் குறைக்க வழியில்லை.

முதல் படி: மூன்று தாள்களை எடுத்து வையுங்கள்

சென்ற ஆண்டு வரிக் கணக்காகத் தாக்கல் செய்த 1040 படிவம், உங்களுடைய கடைசிச் சம்பளச் சீட்டு, கணவனோ மனைவியோ வேலைக்குப் போனால் அவருடைய சீட்டு. 1040-இல் 24-ஆம் வரி உங்கள் உண்மையான வரி. 25டி என்பது ஏற்கெனவே பிடித்த தொகை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் மேலே படியுங்கள். இருநூறு, முந்நூறு டாலர்தான் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: பணம் எங்கே கூடுதலாகப் போகிறது?

நம்மவர்களிடம் நான் அதிகம் பார்த்த காரணம் ஒன்றுதான். திருமணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது "சிங்கிள்" என்று குறித்தது அப்படியே கிடக்கும். பிறகு ஊருக்குப் போய்த் திருமணம், மனைவி ஹெச்-4 என்ற துணைவர் விசாவில் வருகை, குழந்தை என்று எல்லாம் நடந்திருக்கும். படிவத்துக்கு மட்டும் செய்தி போயிருக்காது.

2026-ஆம் ஆண்டு விகிதங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 96,000 டாலர், மனைவி வேலைக்குப் போகவில்லை, அமெரிக்காவில் பிறந்த ஒரு குழந்தை. வேறு வருமானம் இல்லை. படிவம் சிங்கிள் என்று சொல்வதால் எல்லோருக்கும் பொதுவாக வரியில்லாமல் விடும் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 16,100 டாலரைக் கழித்து, மீதி 79,900-க்கு ஆண்டு முழுவதும் சுமார் 12,290 டாலர் பிடிப்பார்கள். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும்போது கழிவு 32,200. மீதி 63,800-க்கு வரி 7,160. அதிலும் குழந்தைக்கான 2,200 டாலர் சலுகை போக 4,960. ஆக 7,330 டாலர் ரீஃபண்ட். இரு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குபவருக்கு, ஒவ்வொரு சம்பளத்திலும் கிட்டத்தட்ட 282 டாலர் கைக்கு வராமலே போயிருக்கிறது.

மூன்றாம் படி: படிவத்தை நிரப்புதல்

2020-இல் படிவம் அடியோடு மாறியது. "அலவன்ஸ் எத்தனை போட்டாய், ஒன்றா இரண்டா?" என்று பழைய ஆட்கள் இன்றும் கேட்பார்கள், அந்தக் கட்டமே இப்போது இல்லை. ஐந்து பகுதிகளில் முதலும் கடைசியும் எல்லோருக்கும் கட்டாயம். மற்றவை பொருந்தினால் மட்டும்.

முதல் பகுதியில் பெயர், முகவரி, எஸ்எஸ்என் எனப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண், அவற்றோடு தனியாகவா, துணைவரோடு சேர்ந்தா கணக்குக் காட்டுகிறீர்கள் என்ற ஃபைலிங் ஸ்டேட்டஸ். மேலே சொன்ன கணவர் இங்கே "மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி" என்று மாற்றினாலே 5,130 டாலர் மிச்சம். எஃப்-1 விசா மாணவர்களுக்கும், வரிச் சட்டப்படி இன்னும் குடியிருப்பவராகக் கருதப்படாத பிறருக்கும் விதிகள் வேறு. அவர்கள் ஐஆர்எஸ்ஸின் 1392-ஆம் எண் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் படிவத்தைத் தொட வேண்டும்.

இரண்டாம் பகுதியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 90,000 டாலர். இருவரும் மேரீட் என்று குறித்துவிட்டு இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால், இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே முழு 32,200 டாலரைக் கழித்துக்கொள்ளும். இருவரிடமும் சேர்த்துப் பிடிப்பது 12,880. உண்மையான வரியோ 21,940. ரீஃபண்டைக் குறைக்கப் போய் ஏப்ரலில் 9,060 டாலர் கட்ட வேண்டிய நிலை வரும். இதற்கு மருந்து 2சி என்ற சிறிய கட்டம். இருவருமே தங்கள் படிவத்தில் அதை டிக் செய்தால் ஆளுக்கு 10,970 பிடித்தமாகி, கணக்கு நூல் பிடித்தாற்போல் நேராகிவிடும். இருவர் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் இது இவ்வளவு துல்லியமாக அமையும். வித்தியாசம் பெரிதென்றால் ஐஆர்எஸ் தளத்தில் இருக்கும் பிடித்தக் கணிப்பானுக்குப் போங்கள். சம்பளச் சீட்டுகளைப் பார்த்து எண்களைக் கொடுத்தால், எந்தக் கட்டத்தில் எந்தத் தொகை என்று அதுவே சொல்லும்.

மூன்றாம் பகுதி குழந்தைகளுக்கு. 17 வயது நிறையாத, எஸ்எஸ்என் உள்ள குழந்தைக்கு 2,200 டாலர். ஊரிலிருந்து வந்து, எஸ்எஸ்என் இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் ஐடின் எண் மட்டும் வைத்திருக்கும் குழந்தைக்கு 500 தான். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதிகச் சம்பளம் வாங்குபவர் படிவத்தில் மட்டும் இதை எழுதுங்கள். இரண்டிலும் எழுதினால் ஒரே குழந்தைக்கு இரு முறை சலுகை வாங்கிய கதையாகிவிடும்.

நான்காம் பகுதியில் 4பி பிடித்தத்தைக் குறைக்கும், 4சி கூட்டும். வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி போன்றவை ஸ்டாண்டர்டு டிடக்ஷனைத் தாண்டினால், படிவத்தோடு வரும் கணக்குத் தாளின்படி அந்தக் கூடுதலை 4பியில் காட்டலாம். 401கே என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கில் வரிக்கு முன் போடும் பணத்தை இங்கே எழுதாதீர்கள். நிறுவனம் அதை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் கணக்கிடுகிறது. 4பியில் வாய்க்கு வந்த எண்ணை எழுதிப் பிடித்தத்தைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடும் படிவம் அது. ஆதாரமில்லாமல் எழுதினால் 500 டாலர் அபராதத்துக்கு இடமுண்டு.

ரீஃபண்டைச் சுத்தமாகப் பூஜ்யமாக்க நான் முயல்வதில்லை. சில நூறு டாலர் திரும்ப வருவதுபோல் விட்டுவைப்பேன். வங்கி வட்டி, பங்கு விற்ற லாபம் என்று ஏதாவது ஒன்று ஆண்டுக் கடைசியில் முளைக்கும். போனஸுக்குப் பெரும்பாலும் படிவத்தைப் பார்க்காமல் 22 சதவீதம் என்று பிடித்துவிடுவார்கள். 24 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அது போதாது. கொஞ்சம் குறைந்தாலும் உடனே அபராதம் வந்துவிடாது. பாக்கி 1,000 டாலருக்குள் இருந்தாலோ, இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ சென்ற ஆண்டு வரி முழுவதுமோ பிடிபட்டிருந்தாலோ தப்பிக்கலாம். சென்ற ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியவர்களுக்கு, சென்ற ஆண்டு வரி முழுவதும் என்பதற்குப் பதில் அதில் 110 சதவீதம்.

நான்காம் படி: கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்

படிவம் ஐஆர்எஸ்ஸுக்குப் போவதில்லை. உங்கள் சம்பளப் பிரிவுக்குத்தான். பல நிறுவனங்களில் இணையத்திலேயே மாற்றலாம். மாற்றம் நடைமுறைக்கு வர ஒரு மாதம்வரை ஆகலாம் என்பதால் முதல் சீட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது சீட்டில் பிடித்தம் எதிர்பார்த்தபடி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேற்படி 96,000 டாலர்காரருக்கு இரு வாரத்துக்கு 473 டாலராக இருந்தது 191-க்கு அருகே வந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் விழித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அதுவரை கூடுதலாகப் போன பணம் ரீஃபண்டாகத்தான் வரும். மீதி மாதங்களில் பிடித்தத்தை மேலும் குறைத்து ஈடுகட்டக் கணிப்பான் எண்கள் தரும். ஆனால் அவை அந்த ஆண்டுக்கு மட்டுமே பொருந்துபவை. ஜனவரியில் புதுப் படிவம் கொடுக்க மறந்தால் அடுத்த ஏப்ரலில் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

மாநில வரிக்குப் பல மாநிலங்களில் தனிப் படிவம் உண்டு. கலிபோர்னியாவில் டிஇ-4, நியூ ஜெர்சியில் என்ஜே-டபிள்யூ4. அவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். டெக்சாஸ், புளோரிடா, வாஷிங்டன் மாநிலத்துக்காரர்களுக்குச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் மாநில வருமான வரி இல்லாததால் இந்தப் பத்தி தேவைப்படாது.