வெஜிஹி 14 அமைப்பில் ஒரு பால்சா கிளைடர்: வேலூர்ப் பள்ளி அறிவியல் மன்றங்களுக்கு

1930-ல் துருக்கி விமானி வெஜிஹி ஹ்யூர்குஷ், இஸ்தான்புல்லின் கடிகோய் பகுதியில் ஒரு மரக்கடையை வாடகைக்கு எடுத்து, மூன்றே மாதத்தில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். வெஜிஹி 14 என்று பெயர். செப்டம்பரில் பறக்கவிட்டு, அங்காராவுக்கும் ஓட்டிப் போனார். பறக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்டபோது, அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் தங்களிடம் இல்லை என்று அரசு கைவிரித்துவிட்டது. விமானத்தைக் கழற்றி, ரயிலில் ஏற்றி, செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோனார். 1931 ஏப்ரல் 23-ல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அதே விமானத்தில் பறந்தே நாடு திரும்பினார்.

நாம் செய்யப்போவது பால்சா என்ற மிக லேசான மரத்தில், இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடர் மாடல். இது அளவுப் பிரதி அல்ல. உடலுக்கு மேலே தூக்கி நிற்கும் ஒற்றை இறக்கை, கழற்றிப் பூட்டும் வசதி ஆகிய இரண்டை மட்டும் அவருடைய விமானத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஸ்கூல் பையில் போகும். தரையில் மோதினாலும் இறக்கை கழன்று விழுமே தவிர உடையாது.

தேவையானவை: 3 மி.மீ. பால்சா ஷீட் ஒன்று (3 அங்குல அகலம், 36 அங்குல நீளம்), 1.5 மி.மீ. ஷீட்டில் பாதி, வெள்ளை ஃபெவிகால், ஃபெவிக்விக், 150, 320 எண் உப்புத்தாள், மருந்தைச் சுரண்டி எடுத்த ஊதுபத்தியின் மூங்கில் குச்சிகள், சின்ன ரப்பர் பேண்ட், காஸ் துணி (காயத்துக்குக் கட்டும் வலைத்துணி), மாடலிங் கிளே, புது பிளேடு போட்ட பேப்பர் கட்டர். பால்சா உள்ளூர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பது அரிது, ஆன்லைனில் வாங்குங்கள். பள்ளி புராஜெக்டுக்கு விற்கும் சன்போர்டு வேண்டாம், அதன் எடையை மாடல் தாங்காது. வெட்டும் வேலை பெரியவர்கள் கண்பார்வையில் நடக்கட்டும்.

இறக்கைக்கு 3 மி.மீ. ஷீட்டில் 450 x 70 மி.மீ. வெட்டுங்கள். மரத்தின் ரேகை 450 பக்கமாகவே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வீச்சிலேயே இரண்டாகும். மேல்பக்கத்தை மட்டும் இழையுங்கள். முன் விளிம்பிலிருந்து 21 மி.மீ. தள்ளி முழுத் தடிமன் இருக்கட்டும். அங்கிருந்து பின் விளிம்பு வரை சீராக இறங்கி 1 மி.மீ.க்கு வரட்டும். முன் விளிம்பை உருட்டிவிடுங்கள். இழைத்தபின் 12, 13 கிராம் நின்றால் நல்ல மரம்.

இப்போது நடுவில் சரியாக இரண்டாக வெட்டி, V போல இணைக்க வேண்டும். ஒரு பாதியின் வெட்டுமுனையை மேஜை ஓரத்தில் வைத்து, நுனியை 25 மி.மீ. உயர்த்தி, உப்புத்தாள் சுற்றிய கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து முனையைச் சரித்துத் தேயுங்கள். மறுபாதிக்கும் அப்படியே. ஒட்டும்போது ஒரு பாதி மேஜையில் படுத்திருக்க, மற்றதன் நுனி 50 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். இந்த மூட்டுக்கு ஃபெவிக்விக் கூடாது. அது உடனே பிடிக்கும், ஆனால் அதிர்ச்சியில் கண்ணாடி மாதிரி விட்டுவிடும். ஃபெவிகால் போட்டு ஓர் இரவு விடுங்கள். சித்திரை வெயிலில் மேலே சீக்கிரம் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு எடுத்தால் கோணம் சரிந்துவிடும். காய்ந்ததும் மூட்டின் அடியில் 15 மி.மீ. அகல காஸ் துணியை ஃபெவிகாலில் நனைத்து ஒட்டுங்கள்.

மீதி 3 மி.மீ. ஷீட்டில் உடல்: நீளம் 360, விமானி அமரும் இடத்தில் ஆழம் 40, வாலில் 12 மி.மீ. பின்பாதியில் ஓர் ஊதுபத்திக் குச்சியை நீளவாக்கில் ஒட்டினால் வால் முறுக்காது. மேலே, மூக்கிலிருந்து 80 மி.மீ. தள்ளி, 70 மி.மீ. நீளத் தாங்கி. அதன் முன்பக்க உயரம் 27.5, பின்பக்கம் 25 மி.மீ. இந்த இரண்டரை மி.மீ. வித்தியாசம்தான் இறக்கைக்கு 2 டிகிரி ஏற்றம் தருகிறது. விட்டுவிட்டால் மாடல் கல்லாக இறங்கும். தாங்கியின் தலையில் 20 மி.மீ. அகலப் பட்டையை நீளவாக்கில் பிளந்து, இறக்கையின் V-க்கு ஏற்றபடி ஒட்டுங்கள். தாங்கியின் முன்னும் பின்னும் குறுக்கே குச்சி செருகி, இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.

வாலின் கிடைச் சிறகு 160 x 50, செங்குத்துச் சிறகு 55 அடி, 60 உயரம். இரண்டும் 1.5 மி.மீ. ஷீட். கிடைச் சிறகின் முன் விளிம்பு மூக்கிலிருந்து 305 மி.மீ.யில். இங்கே பசையைக் கஞ்சத்தனமாகத் தடவுங்கள். வாலில் 1 கிராம் கூடினால் மூக்கில் 2 கிராமுக்கு மேல் கிளே வைக்க நேரும். பெயின்டும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஷீட் வளைந்தும் போகும்.

இறக்கையைக் கட்டி, அதன் முன் விளிம்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி இரண்டு விரல் நுனியில் தாங்குங்கள். மட்டமாக நிற்கும்வரை மூக்கில் கிளே சேருங்கள். 6 முதல் 10 கிராம் பிடிக்கும். மொத்தம் 30, 35 கிராமுக்குள் வந்தால் போதும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே கோணத்தில் தெரியாவிட்டால் முறுக்கு இருக்கிறது. கெட்டில் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் திருகி, ஆறும்வரை பிடித்திருங்கள். இதைச் சரிசெய்யாமல் பறக்கவிட்டால் பிறகு எதைத் திருத்தியும் பலன் இல்லை.

பறக்கவிட காலை ஏழு மணிக்குள் பாலாற்று மணல்வெளி நல்லது. மணல் அள்ளிய பள்ளங்களையும் பாலத்து ஓரத்தையும் தவிருங்கள். கோட்டை மைதானத்தில் நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும். அப்துல்லாபுரம் விமானதளத்துப் பக்கம் போகவே வேண்டாம். பத்து மணிக்கு மேல் பாறைக் குன்றுகள் சூடேறிக் காற்று குழம்பும். அப்போது மாடலின் குறை எது, காற்றின் வேலை எது என்று பிரித்தறிய முடியாது.

தோள் உயரத்தில், மூக்கைச் சற்றே தாழ்த்தி, காற்றுக்கு எதிராக, வீசாமல் தள்ளிவிடுங்கள். 8, 10 மீட்டர் தள்ளி இறங்கினால் சரி. மூக்கைத் தூக்கி நின்று தலைகுப்புற விழுந்தால் பச்சைப்பட்டாணி அளவு, அதாவது அரை கிராம் அளவு, கிளே கூட்டுங்கள். நேராகக் குத்தினால் அதே அளவு குறையுங்கள். அதன்பிறகும் குத்தினால் கிடைச் சிறகின் பின் விளிம்பை 1 மி.மீ. மேலே வளையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று முறை ஒரே மாதிரி இறங்கிய பிறகுதான் பலமாக வீச வேண்டும். வலது கைக்காரர்கள் வலப்பக்கம் சாய்த்து மேல்நோக்கி வீசுங்கள். செங்குத்துச் சிறகின் பின் விளிம்பு ஒரு மயிரளவு இடப்பக்கம் வளைந்திருந்தால், உச்சியில் திரும்பி இடப்பக்கமாக வட்டமிட்டு வரும்.

கண்காட்சியில் வைக்கும்போது பக்கத்தில் அந்த நோட்டையும் வையுங்கள். அட்டையில் ஹ்யூர்குஷ் பிறந்த 1896, அனுமதி இல்லாமல் தன் முதல் விமானத்தைப் பறக்கவிட்டுத் தண்டனை பெற்ற 1925, சிவிலியன் விமானப் பள்ளி தொடங்கிய 1932, மறைந்த 1969 ஆகியவை இருக்கட்டும். அந்தப் பள்ளியில் பயின்ற பெத்ரியே கோக்மெனையும் மறக்காமல் சேருங்கள். விமானம் ஓட்டிய முதல் துருக்கிப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் இறக்கையைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, V மேல்நோக்கி நிற்க, இருபுறமும் முட்டுக் கொடுத்துப் பீரோவில் வையுங்கள். ரப்பர் பேண்டை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள், நாளடைவில் இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.