சோலைக் கொழுந்திலிருந்து ஒரு கம்மல்: பாலிமர் கிளேயில் ஒரு வடிவமைப்பை வளர்த்தெடுப்பது

பாலிமர் கிளே என்பது மின் அடுப்பில் (அவன்) வேகவைத்தால் கெட்டியாகும் பிளாஸ்டிக் களிமண். அதைப் பிசையவும் வெட்டவும் வேகவைக்கவும் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போதும். அதற்குப் பிறகுதான் உண்மையான தடங்கல் வரும்: அடுத்து என்ன செய்வது? ரோஜா, டோனட், பீட்சாத் துண்டு என்று இணையத்தில் பார்த்ததையே மறுபடி மறுபடி செய்து கை சலித்துப்போகும். நீலகிரியிலோ பழனி மலையிலோ இருப்பவர்களுக்கு அந்தக் கவலை தேவையில்லை. வீட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்தாலே போதிய சரக்கு இருக்கிறது. பார்த்ததைக் காதில் தொங்கும் அளவுக்குச் சுருக்குவது எப்படி என்பதுதான் கேள்வி. இங்கே சோலை மரத்தின் இளங்கொழுந்தை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வடிவமைப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கொண்டுபோகிறோம்.

எதை எடுப்பது, எதை விடுவது

பனிக்காலம் ஓய்ந்ததும் சோலை மரங்கள் தளிர்விடும். பச்சையம் நிறைவதற்கு முன் ஆந்தோசயனின் என்ற செந்நிறமி மேலோங்கி நிற்பதால், பல மரங்களின் கொழுந்து சிவப்பாக இருக்கும்; பிறகு செம்பு, பிறகு மஞ்சள் கலந்த பச்சை, கடைசியில் கரும்பச்சை. கோத்தகிரி லாங்வுட் சோலை, கொடைக்கானல் பாம்பார் சோலை போன்ற இடங்களில் ஒரே கிளையிலேயே இந்த நிறங்கள் எல்லாம் அடுத்தடுத்துத் தெரியும். காப்புக்காட்டில் இலை பறிக்கக் கூடாது. பாதையோரத்தில் நின்று, கிட்டே பாருங்கள். சில இலைகளில் பச்சை நடுநரம்பை ஒட்டி முதலில் ஏறும். சிவப்பு கடைசிவரை விளிம்பில் தங்கும். இந்த ஒரு விவரம் போதும்.

பார்த்ததை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: ‘நடுவில் பச்சை, விளிம்பில் சிவப்பு, இடையில் செம்பு.’ இனி இந்த வாக்கியத்துக்கு உதவாத எதற்கும் கம்மலில் இடமில்லை. பனித்துளி, தேயிலைச் சரிவு, காட்டெருமை எல்லாவற்றையும் 3 சென்டிமீட்டருக்குள் திணிக்கும்போதுதான் நல்ல யோசனைகள் பாழாகின்றன.

குறிஞ்சியைச் செய்யலாமே என்று பலருக்கும் தோன்றும். 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல்தான். பூவை நேரில் கண்டு குறிப்பெடுத்து வைத்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். படத்தை மட்டும் பார்த்துச் செய்தால் அது ஏதோ ஒரு ஊதாப் பூவாகத்தான் வரும். தோடர் எம்பிராய்டரியின் சிவப்பு, கறுப்புக் கோலங்களும் கண்ணை இழுக்கும். அது அந்த மக்களின் கைத்தொழில். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கிளேயில் அச்செடுத்து விற்பது முறையல்ல. மலையில் யாருக்கும் உரிமையில்லாத நிறங்கள் எவ்வளவோ இருக்கின்றன.

நிறம் பிடித்தல்

செல்போன் படத்தை நம்பி நிறம் கலக்காதீர்கள். மூடுபனியில் கேமரா தானாகவே நிறத்தைச் சூடாக்கியோ குளிரவைத்தோ காட்டிவிடும். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வெள்ளைத் தாளை இலைக்குப் பக்கத்தில் பிடித்து எடுங்கள். அதைவிட நல்ல வழி, கலந்த நிறத்தில் சிறு கிளேத் துண்டுகளை (சில்லு) வேகவைத்து, அவற்றை மரத்தடிக்கே கொண்டுபோய் ஒப்பிடுவது. அவனில் வெந்தபின் நிறம் சற்று மாறும், சிவப்பு பெரும்பாலும் கருக்கும். அதனால் வேகாத கிளேயை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

எல்லா நிறத்தையும் ஒரே கனத்தில் தகடாக்கி, ஒரே சிறிய வட்ட அச்சால் வெட்டினால் ஒவ்வொரு வட்டமும் ஒரு பங்கு. தொடங்குவதற்கான கலவைகள்: பச்சைக்கு மஞ்சள் 6 பங்கு, நீலம் 1 பங்கு, அதை அடக்க மிளகளவு சிவப்பு. செம்புக்கு மஞ்சள் 8, சிவப்பு 1, மிளகளவு பழுப்பு. கொழுந்துச் சிவப்புக்குச் சிவப்பு 10, பழுப்பு 1. பிராண்டுக்குப் பிராண்டு நிறமியின் வீரியம் மாறும். நீலத்தை எப்போதும் பாதிப் பங்கில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். அதிகமானால் மீட்க வழியில்லை. ஒவ்வொரு கலவையிலும் ஒரு சில்லு வெட்டி, வேகவைத்து, பின்பக்கம் பங்குகளை எழுதி வையுங்கள்.

சில்லுகளை வரிசையாக வைத்துச் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஓரடி தள்ளிப் பார்க்கும்போது உங்கள் இலை சேறாகத்தான் தெரியும். அதற்காகத்தான் நரம்புக்கு வெளிர் நிறம்: வெள்ளை 4 பங்கு, மஞ்சள் 1 பங்கு. மூன்று நிறத்தின் மேலும் அது தனித்து நிற்கும்.

அளவு

நோட்டில் பெரிதாக வரைவதால் பயனில்லை. கெட்டித் தாளில் உண்மையான அளவிலேயே மூன்று இலைகள் வெட்டுங்கள்: 2 செ.மீ., 3 செ.மீ., 4 செ.மீ. நீளத்தில். நூல் கட்டிக் காதில் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். இந்த வடிவமைப்புக்கு மேலே 1.8 செ.மீ. இலை தோடாகவும், கீழே 3 செ.மீ. இலை தொங்கலாகவும் இருப்பது பொருந்தும். கனம் 2.5 மி.மீ. போதும். 2 மி.மீ.க்குக் கீழே போனால் நுனி எளிதில் ஒடியும், 4 மி.மீ. ஆனால் காது இழுக்கும்.

மலைக்குளிரில் கிளே

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் பாக்கெட்டைப் பிரித்தால் கிளே கல்லாக இருக்கும், பிசைந்தால் உதிரும். ‘கெட்டுப்போச்சு’ என்று நினைத்து எண்ணெய் விடுபவர்கள் உண்டு, அது தவறு. ஜிப் கவரில் போட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வையுங்கள். அல்லது சட்டைப் பைக்குள் அரை மணி நேரம். பிறகு சிறு துண்டுகளாக்கிப் பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும். கவருக்குள் நீர் இறங்கக் கூடாது. அடுக்குகளுக்கிடையே சிக்கிய ஈரம் அவனில் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும்.

குளிரால் ஆதாயமும் உண்டு. சமவெளியின் மே மாத வெயிலில் குழைந்து கோணும் கேன் (வெட்டுமுகத்தில் வடிவம் தெரியுமாறு அடுக்கிய கிளே உருளை), இங்கே விறைப்பாக நின்று சுத்தமாக வெட்டுப்படும். ஆனால் கம்பளி ஸ்வெட்டரின் இழை வெளிர் கிளேயில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மேலே பருத்தி ஏப்ரன் போட்டு, கையை முழங்கைவரை மடித்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறத்தை முதலில் பிசையுங்கள், சிவப்பைக் கடைசியில். ஒட்டிய இழையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடுத்துவிடலாம்.

நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிய

முக்கோணங்களாக அடுக்கிய நிறங்களை மடித்து மடித்து உருட்டிப் படிப்படியாகக் கலக்கும் ஸ்கின்னர் பிளெண்ட் என்ற முறைதான் இங்கே உயிர். ஆனால் சிவப்பையும் பச்சையையும் நேராக இணைத்தால் நடுவில் மங்கிய பழுப்புதான் வரும். இரண்டும் எதிர் நிறங்கள். அதனால்தான் இடையில் செம்பு. இலையும் அதே வழியில்தான் நிறம் மாறுகிறது, ஆகவே இது ஒட்டுவேலையாகத் தெரியாது.

சிவப்பு 15 கிராம், செம்பு 30 கிராம், பச்சை 15 கிராம் எடுங்கள். 3 மி.மீ. தகடாக்கி, 14 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரமுள்ள ஒரு செவ்வகமாக அடுக்க வேண்டும். செம்பு நடுவில் பெரிய முக்கோணம்: அடி ஏறக்குறைய முழு அகலத்துக்கும், உச்சி மேல்விளிம்பின் நடுவில். இடப்பக்கம் மிஞ்சும் செங்கோண முக்கோணம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. இரு ஓரங்களிலும் அரை செ.மீ. அகலத்துக்குத் தனி நிறமாகவே விடுங்கள், இல்லையென்றால் தூய சிவப்பும் தூய பச்சையும் கலவையில் தொலைந்துவிடும்.

கீழ்விளிம்பை மேல்விளிம்போடு சேர்த்து மடியுங்கள். மடிப்புப் பக்கம் முதலில் போகுமாறு பாஸ்தா மெஷினின் (இரு உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கும் கருவி) அகலமான இடைவெளியில் விடுங்கள். மறுபடி அதே திசையில் மடிப்பு. 20 முதல் 25 முறை. ஒரே ஒரு தடவை இடவலமாக மடித்துவிட்டாலும் பச்சையும் சிவப்பும் முட்டிக்கொள்ளும். திரும்ப எடுக்க முடியாது. மெஷின் இல்லாதவர்கள் இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை இருபுறமும் தண்டவாளமாக வைத்து, வழவழப்பான கண்ணாடிக் குப்பியால் உருட்டலாம். கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கோடு மறைந்து நிறம் வழிந்ததும் தகட்டை 4 செ.மீ. அகலப் பட்டையாக மடித்து, பச்சை முனை முதலில் போகுமாறு நெடுக்காக விட்டு, 1.5 மி.மீ. கனத்துக்கு நீட்டுங்கள். பச்சை முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டினால் நடுவில் பச்சையும் வெளியே சிவப்புமாகச் சுமார் 3.5 செ.மீ. விட்டத்தில் ஓர் உருளை கிடைக்கும். சுருட்டும்போது காற்று சிக்கவிடாதீர்கள்.

இலைக் கேன்

உருளையை நிமிர்த்தி வைத்து, மேலிருந்து கீழாக இணையாக மூன்று வெட்டு, நான்கு துண்டு. ஒவ்வொரு வெட்டிலும் 1 மி.மீ. வெளிர்த் தகட்டைச் செருகி மறுபடி சேர்த்து அழுத்துங்கள். வெட்டுமுகத்தில் இப்போது மூன்று இணைகோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்கு 45 பாகைச் சாய்வில், மையம் வழியாக உருளையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்புங்கள்: மேல்முகம் கீழே, கீழ்முகம் மேலே. இரு பாதிகளின் நரம்புகளும் இப்போது நடுக்கோட்டிலிருந்து சாய்ந்து விரியும். இடையில் 1.5 மி.மீ. தகடு நடுநரம்பு. நரம்புகள் விரியும் பக்கமே இலையின் நுனி. அந்தப் பக்கத்தைக் கிள்ளிக் கூராக்குங்கள். மாற்றிக் கிள்ளினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் இலை இலையாகத் தோன்றாது.

கேனை மெலிய வைக்கும்போது நடுவிலிருந்து இரு முனைக்கும் அழுத்தி நகர்த்துங்கள். முனையைப் பிடித்து இழுத்தால் வெளிப்புறம் மட்டும் நீண்டு, உள்ளே இருப்பது பின்தங்கிவிடும். இலை 3 செ.மீ. நீளத்துக்கு வந்ததும் கேனைப் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி அப்படியே இருக்கட்டும், மற்றதை 1.8 செ.மீ.க்கு மெலியுங்கள். இரு முனையிலும் ஒரு செ.மீ. சிதைந்திருக்கும், அதைக் கழித்துவிடலாம். உள்ளங்கைச் சூட்டில் கேன் இளகியிருப்பதால் உடனே வெட்டாமல் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நீளமான கட்டர் பிளேடால், ஒவ்வொரு வெட்டுக்கும் கேனைக் கால்வட்டம் திருப்பி, 2.5 மி.மீ. கனத்தில் அறுக்கவும். ஒரே பக்கம் வைத்து அறுத்துக்கொண்டே போனால் அடிப்பக்கம் தட்டையாகும். ஜோடிக்கு அடுத்தடுத்த வில்லைகளை எடுத்து ஒன்றை மட்டும் புரட்டிப் போட்டால் இடது காதும் வலது காதும் கண்ணாடிப் பிம்பமாக அமையும். தொங்கல் இலையின் காம்புப் பக்கத்திலும் தோடு இலையின் நுனியிலும் விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஊசியால் துளை போடுங்கள்.

வேகவைத்தல்

பாக்கெட்டில் என்ன வெப்பநிலை போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். ஓடிஜி எனும் சிறு மின் அவனின் திருகியைக் கண்மூடி நம்ப வேண்டாம். தனியாக ஓர் அவன் தெர்மாமீட்டரை வாங்கித் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 20 நிமிடம் முன்சூடு, பிறகு 30 நிமிடம். வழவழப்பான டைல்மேல் வெள்ளைத் தாள் விரித்து அதில் வைத்தால் பின்பக்கம் திட்டுத்திட்டாகப் பளபளக்காது. மேல்கம்பியின் நேர்சூட்டில் வெளிர் நரம்பு பழுப்பாகும். அலுமினியத் தாளைக் கூடாரமாக மடித்து மூடிவிடுங்கள்.

கொதிநீரில் வேகவைக்கும் யோசனை மலையில் எடுபடாது. கடல்மட்டத்தில் 100 டிகிரி என்பதே குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே கெட்டியாகத் தெரியும், ஆனால் உள்ளே துகள்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்காது; சில நாளில் ஒடியும். பாதியில் கரண்ட் போனாலும் பயமில்லை, வந்ததும் முன்சூட்டிலிருந்து முழு நேரமும் மறுபடி வேகவைக்கலாம். ஒரு மெல்லிய மிச்சத் துண்டையும் கூடவே வேகவைத்து, ஆறியபின் வளைத்துப் பாருங்கள்: வளைந்தால் வெந்தது, பொடியாக உடைந்தால் வேகவில்லை.

இது பி.வி.சி. பிளாஸ்டிக். 175 டிகிரியைத் தாண்டினால் கருகி, மூச்சுக்குழாயை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். குளிருக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு வேகவைக்காதீர்கள். கிளேக்குப் பயன்படுத்திய தட்டும் பிளேடும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

முடிப்பும் அடுத்த இலையும்

ஆறியபின் நீரில் நனைத்து 400, 600, 1000 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேயுங்கள். நீரில் தேய்த்தால் தூசி பறக்காது. பளபளப்புக்கு ஜீன்ஸ் துணியால் தேய்த்தாலே போதும். கொழுந்து இலைக்கு அந்த மெல்லிய மினுமினுப்புதான் பொருத்தம். வேண்டுமானால் நீரில் கரையும் வார்னிஷ் பூசலாம். நெயில் பாலிஷ் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கி, நாளடைவில் பிசுபிசுக்க வைத்துவிடும்.

இதையே ஒரு தொகுப்பாக வளர்க்க நினைத்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிவப்பை வெளியே விடாமல் உள்ளே சுருட்டினால் வேறொரு மரம். நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒளிபுகும் கிளேயில் 20 பங்குக்கு 1 பங்கு வெள்ளை கலந்து, அரை மி.மீ. தகடாக இலையின் மேல்பாதியில் படியவிட்டால் மூடுபனி இறங்கும். வெந்தவுடன் ஐஸ் தண்ணீரில் போட்டால் அந்தப் படலம் இன்னும் தெளியும். இரண்டையும் ஒரே கம்மலில் செய்யப் போனால் எது கண்ணில் படுகிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

மிச்சக் கேனைப் பட்டர் பேப்பரில் சுற்றி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற வகை எண் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் எண்ணெய்ப்பசையை உறிஞ்சிவிடும். கடினமான கண்ணாடி போன்ற டப்பாவைக் கிளே அரித்துவிடும். வேகாத கிளே காற்றில் காய்வதில்லை, அதனால் வெட்டிக் கழித்த முனைகளைச் சேர்த்துப் பிசைந்து அடுத்த கம்மலின் பின்தகடாக்கலாம். விற்பனைக்கு வைப்பவர்கள் கம்மலைக் கெட்டித் தாள் அட்டையில் குத்திக் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது, ஜிப் கவரில் போட்டு நீட்ட முடியாது.